தூங்கும் சிசுவும் தூங்காத மணியும்

"டிங்... டிங்... டிங்..."

என் நண்பர் திடுக்கிட்டு எழுந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வரிசையாக வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றின் மேலே மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. எந்தப் பெட்டி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய தங்கையின் குழந்தை இடது பக்கம் இரண்டாவது பெட்டியில் இருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கையளவு குழந்தை என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நர்ஸ் ஒருத்தி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். மூன்றாவது பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மணி நின்றது. திரும்பிப் போனவளை நண்பர் வாசலில் வழிமறித்துக்கொண்டார்.

"ஏன் ஸிஸ்டர், மணி அடிச்சுதே, குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"அது உங்க குழந்தை இல்லை ஸார். பக்கத்துப் பெட்டி. காலை உதைச்சிருக்கு, ஒயர் நழுவியிருக்கு. அவ்வளவுதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி அடிக்கும்?" என்று நான் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எண்ணிக்கிட்டிருந்தா வேலை ஓடுமா ஸார்? வீட்டிலே குக்கர் விசில் அடிச்சாக்கூட என் கை பொத்தானைத் தேடுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் போவதற்குள் இன்னொரு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்று முழுவதும் எனக்கு ஒரே யோசனை. மூன்றாவது பெட்டியில் ஒயர் நழுவினால், இரண்டாவது பெட்டியில் தூங்கும் குழந்தை ஏன் விழிக்க வேண்டும்? மணி அடிப்பது நர்ஸுக்காக. ஆனால் அந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை சிசுக்களின் காதிலும் அது விழுகிறது. தாயின் வயிற்றில் இன்னும் இரண்டு மாதம் இருட்டிலே, அமைதியிலே இருந்திருக்க வேண்டிய காதுகள் அவை.

பிறகு விசாரித்தும் படித்தும் பார்த்தபோது தெரிந்தது: உலகமெங்கும் டாக்டர்களும் நர்ஸுகளும், அவர்களோடு ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் பொறியியல் நிபுணர்களும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். மணியை மாற்றினால் போதாது. மணி அடிக்கும் அறையையே மாற்ற வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

சுவரை இடித்த டாக்டர்

கதை பாரிஸ் நகரத்தில் தொடங்குகிறது. ஸ்டெஃபான் டார்னியே என்ற பிரசவ மருத்துவர், மிருகக் காட்சிச் சாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "குஞ்சுக்குப் பெட்டி செய்யலாம் என்றால் குழந்தைக்கு ஏன் செய்யக் கூடாது?" என்று நினைத்தார். அங்கே வேலை பார்த்த ஓடில் மார்த்தான் என்பவரைக் கொண்டே ஒரு பெட்டி செய்வித்து, 1880-ஐ ஒட்டிப் பாரிஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்தார். வெந்நீரால் சூடேறும் பெட்டி. 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 38-ஆகக் குறைந்தது. அந்தக் காலத்துப் பெட்டி சத்தம் போடாது. குழந்தைக்கு மூச்சு நின்றால் கவனிக்க மனிதக் கண்கள்தான் வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் 1960-ல் நடந்தது. அமெரிக்காவில் நியூஹேவன் நகரத்து யேல் ஆஸ்பத்திரியில் லூயிஸ் க்ளக் என்ற டாக்டர் இருந்தார். தொற்று நோய்க்குப் பயந்து குறைமாதக் குழந்தைகளைத் தனித்தனித் தடுப்புகளுக்குள் அடைத்து வைப்பது அப்போது வழக்கம். கிருமி பரவுவது காற்றினால் அல்ல, கைகளினால்தான். கையைச் சரியாகக் கழுவினால் தடுப்பு வேண்டியதில்லை என்று க்ளக் காட்டினார். தடுப்புகள் போயின. நோயுற்ற சிசுக்களெல்லாம் ஒரே கூடத்துக்கு வந்தார்கள். நடுவில் நின்றால் எல்லாரையும் பார்க்கலாம். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று சொல்கிறோமே, அதில் சிசுக்களுக்காக ஏற்பட்ட முதல் கூடம் அதுதான் என்கிறார்கள்.

எவ்வளவோ உயிர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த யந்திரங்கள் சில. பிறகு வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொரு பெட்டிக்கும் புதுப்புது யந்திரம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. சுவர் இல்லாத கூடம். ஆகவே ஒரு மணி அடித்தால் எல்லார் காதுக்கும் பங்கு உண்டு.

மூச்சு விட மறக்கும் குழந்தை

மணி எதற்காக அடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், "இத்தனை தொந்தரவு எதற்கு? மணியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் போகிறது" என்று நீங்கள் சொல்லக்கூடும்.

குறைமாதக் குழந்தைக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. மூச்சு விடவே அது மறந்துபோய்விடும்! மூச்சை நடத்தி வைக்கும் மூளைப் பகுதி இன்னும் முற்றாததுதான் காரணம். 20 விநாடி மூச்சு நின்றால் டாக்டர்கள் அதை அபாயம் என்று கணக்கிடுகிறார்கள். கூடவே இருதயத் துடிப்பும் தாழும். ரத்தத்தில் பிராணவாயுவின் அளவும் இறங்கும். அப்போது செய்ய வேண்டிய வைத்தியம் பல சமயம் மிகச் சுலபமானது. உள்ளங்காலை மெதுவாகத் தடவிக் கொடுத்தால் போதும், "ஓகோ, மறந்துவிட்டேனே!" என்பதுபோல் குழந்தை மறுபடி மூச்சு விடத் தொடங்கிவிடும். ஆனால் தடவிக் கொடுக்க ஒரு கை வர வேண்டும். அந்தக் கையைக் கூப்பிடுவதற்குத்தான் மணி.

ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று ஊசி குத்தாமலே சொல்லும் கருவிக்கு வழி காட்டியவர் தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர், வருஷம் 1974. தோலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு மறுபுறம் வருகிறது என்று அளக்கும் யுக்தி அது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவிக்கு மூலம் இதுதான். சிசுவின் விரல் சிறியது. ஆகவே பாதத்தைச் சுற்றி ஒட்டுவார்கள். குழந்தை சும்மா இருக்குமா? காலை உதைக்கும். உதைத்தால் வெளிச்சம் கலையும், எண் கீழே விழும், மணி அடிக்கும். குழந்தை சௌக்கியமாக இருக்கும்போதே "ஆபத்து, ஆபத்து" என்று கருவி கூவும்.

பிராணவாயு குறைந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. கூடினாலும் ஆபத்துதான்! 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும், நன்மை என்று நினைத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். கண்ணின் உள் திரையில் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்து, உலகத்தில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950-ல் குறைமாதத்தில் பிறந்து இப்படிக் கண்ணை இழந்த ஒரு குழந்தைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர்.

சரி, குறைத்துக் கொடுக்கலாம் என்றால் அதிலும் வம்பு. 2010-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கப் பரிசோதனையில், பிராணவாயு அளவை 85-லிருந்து 89 வரை வைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 19.9 பேர் வீடு திரும்பாமலே இறந்தார்கள். 91-லிருந்து 95 வரை வைத்தவர்களில் 16.2 பேர். பிழைத்தவர்களில் கடுமையான கண் நோய் வந்ததோ முதல் கூட்டத்தில் 8.6, இரண்டாவது கூட்டத்தில் 17.9. ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் கண்! பல ஆஸ்பத்திரிகளில் இப்போது 90-க்கும் 95-க்கும் நடுவே நிறுத்தப் பார்க்கிறார்கள். நடக்கிற வரப்பு எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள். வரப்பு ஒடுங்க ஒடுங்க மணியும் அதிகமாகத்தானே அடிக்கும்?

ஒரு கட்டிலுக்கு 187

நர்ஸ் எண்ணவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் சான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள். அது பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. 5 பிரிவுகள், 77 கட்டில்கள், 31 நாட்கள். திரையில் மட்டும் தோன்றியவற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் 25 லட்சத்துக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள்! காதில் விழும்படி அடித்தவை மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 187. இருதயத் துடிப்புக் கோளாறு என்று கருவி அலறியவற்றில் 12,671-ஐ எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நூற்றுக்கு 88.8 பொய். இந்தக் கணக்கு 2014-ல் வெளியாயிற்று.

187 என்றால் எட்டு நிமிஷத்துக்கு ஒன்று. அதே கணக்கை 12 கட்டில் உள்ள ஒரு திறந்த கூடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 40 விநாடிக்கு ஒரு மணி வருகிறது. நம்முடைய தெருக்கோடிக் கோயிலில் உற்சவ காலத்தில்கூட அவ்வளவு மணி கேட்காது!

இதன் பலன் என்ன? பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வீடியோ காமிராக்களை வைத்துப் பார்த்தார்கள். 2015-ல் வந்த அந்த ஆராய்ச்சிப்படி, குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அடித்த மணிகளில் நூற்றுக்கு 87.1-ம், சாதாரண வார்டில் 99-ம் எந்த நடவடிக்கையும் வேண்டாத மணிகள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று தெரிந்தது. முந்தின 2 மணி நேரத்தில் எவ்வளவுக்கெவ்வளவு வீண் மணிகள் அடித்திருந்தனவோ, அவ்வளவுக்கவ்வளவு நர்ஸ் வரத் தாமதமாயிற்று.

சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். "புலி வருது, புலி வருது" என்று கத்திய பையன் கதைதான் இது. ஒரு வித்தியாசம்: இங்கே கத்துகிற பையன் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, புலி வராத வேளையிலும் அவனுக்குப் புலி தெரிகிறது. பத்துத் தடவை ஓடி வந்து பார்த்து ஏமாந்த காது, பதினோராவது தடவை ஓடச் சொல்வதில்லை. இதற்கு 'அலாரம் சோர்வு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு நற்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை, மணி சம்பந்தமான விபத்துக்கள் என்று தனக்கு எட்டியவை 98. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன என்று அது சொல்லிற்று. வயது, நோய் எல்லாம் கலந்த கணக்கு அது.

மணியைப் பெறும் மணி

இதெல்லாம் நர்ஸின் காது. குழந்தையின் காது என்ன ஆகிறது?

ஆறு மாதம் ஆகும்போதே கருவில் இருக்கும் சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே கேட்கும் ஓசை வேறு. தாயின் இருதயத் துடிப்பு, அவளுடைய குரல், ரத்த ஓட்டத்தின் இரைச்சல். வெளியிலிருந்து வரும் கீச்சுச் சத்தங்களைத் தாயின் உடல் வடிகட்டிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, யந்திரத்தின் மணியோ கீச்சென்று கேட்க வேண்டும் என்றே செய்யப்பட்டது.

1980-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, திடீர்ச் சத்தம் கேட்டால் குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது என்று காட்டிற்று. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது பெட்டியில் ஒயர் நழுவுகிறது. மணி அடிக்கிறது. இரண்டாவது பெட்டிக் குழந்தை அதிர்கிறது. அதன் பிராணவாயு இறங்குகிறது. உடனே இரண்டாவது பெட்டியின் மணி அடிக்கிறது. இந்த மணி பொய் அல்ல, நிஜம்! அதைக் கேட்டு நான்காவது பெட்டிக் குழந்தை... மணியே மணியைப் பெற்றுப் போட்டுக்கொண்டு போகிறது.

அதோடு போகவில்லை. மணி அடிக்கும் இடத்தில் மனிதர்கள் தாங்களே அறியாமல் குரலை உயர்த்திப் பேசுவார்கள். குரல் உயர்ந்தால் மணி காதில் விழாது. ஆகவே மணியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். சந்தைக் கடையில் நடப்பதுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1997-ல், சிசுக்கள் இருக்கும் இடத்தில் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிற்று. நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே சுமார் 60 டெசிபல்! டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். ஆகவே 45 என்பது கோயில் கர்ப்பக்கிரகத்து அமைதி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கூடம் ஒன்றில் இதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் நோயாளிக்குப் பகை என்பது புது விஷயமும் அல்ல. 1860-ஐ ஒட்டி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நர்ஸுகளுக்கு எழுதிய புத்தகத்தில், ஓயாத சத்தத்தைவிடத் திடீர்ச் சத்தமும், 'அடுத்து என்னவோ' என்று மனத்தை எதிர்பார்க்க வைக்கும் சத்தமும்தான் அதிகக் கெடுதல் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். மின்சார மணி ஒன்றுகூட வார்டுக்குள் வராத காலத்தில்!

சுவர் மறுபடி எழும்புகிறது

முதலில் சின்னச் சின்னக் காரியங்கள். கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை பதிப்பது. வழவழத்த தரைக்குப் பதில் மெத்தென்ற விரிப்பு. கை கழுவும் தொட்டியைக் குழந்தையின் தலைமாட்டிலிருந்து தள்ளி வைப்பது. ஆஸ்பத்திரி என்றால் பளபளவென்று கழுவித் துடைக்கும்படி இருக்க வேண்டும் அல்லவா? கடினமான அந்தச் சுவரும் தரையும்தான் சத்தத்தைப் பந்துபோல் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். இப்படிப்பட்ட கூடத்தில் மூலைக்கு மூலை ஏறக்குறைய ஒரே சத்தம். ஆகவே கட்டில்களை இரண்டடி தள்ளிப் போடுவதால் மட்டும் பெரிய பலன் இல்லை.

அடுத்தது, மணியின் பொறுமை. எண் இறங்கிய கணமே கத்தாமல் சில விநாடி காத்திருந்து, தானே சரியாகாவிட்டால் மட்டும் அடிக்கும்படி செய்யலாம். ஊட்டா பல்கலைக்கழகத்தார் 2009-ல் பெரியவர்கள் வார்டில் கணக்கிட்டபோது, 14 விநாடி காத்தால் வீண் மணிகளில் பாதியும், 19 விநாடி காத்தால் மூன்றில் இரண்டு பங்கும் மறைந்துவிடும் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு அவ்வளவு விநாடி காக்கலாமா என்பதை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி யோசித்துத்தான் வைக்கிறார்கள். தானாகச் சரியாகிவிடும் சறுக்கலும், தொட்டால்தான் சரியாகும் சறுக்கலும் முதல் பத்து விநாடியில் ஒன்றுபோலவே இருக்கும்.

மணியின் குரலை மாற்றவும் முயற்சி நடக்கிறது. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி எட்வர்தி என்ற பெண்மணியின் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 2020-ல் சர்வதேசத் தர விதிகளில் புது ஓசைகள் சேர்க்கப்பட்டன. இருதயக் கோளாறு என்றால் 'லப்-டப்' என்று கேட்கும். மருந்து விஷயமென்றால் மாத்திரைப் புட்டியைக் குலுக்குவதுபோல் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் என்னவென்று தெரியும்.

ஆனால் பெரிய மாற்றம் என்னவென்றால், க்ளக் எடுத்த சுவர்களை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள்! கிருமிக்குப் பயந்து அல்ல, சத்தத்துக்குப் பயந்து. ஒரு குழந்தைக்கு ஓர் அறை. தாயும் தந்தையும் அங்கேயே தங்கக் கட்டில். அமெரிக்காவில் ரோட் தீவு மாகாணத்துப் பெண்கள்-சிசுக்கள் ஆஸ்பத்திரி 2009-ல் இப்படிப்பட்ட தனியறைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அக்கம்பக்கத்து மணி எதுவும் குழந்தையின் காதில் விழாது.

இப்போது நர்ஸ் என்ன செய்வாள்? கூடத்தின் நடுவில் நின்று ஒரு பார்வையில் எல்லாரையும் பார்த்தவள், இப்போது தாழ்வாரத்தில் நிற்கிறாள். இரு பக்கமும் கதவுகள். ஆகவே மணியை அவளுடைய பைக்குள் போட்டுவிட்டார்கள். கையடக்கமான டெலிபோன் ஒன்று. எந்த அறையில் மணி அடித்தாலும் அதில் வந்து சேரும். ஒருத்தி ஓர் அறையில் குழந்தைக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னோர் அறைக் குழந்தையின் மணி பையில் அதிரும். அவளால் உடனே போக முடியாவிட்டால், சில விநாடி கழித்து மணி தானாகவே இரண்டாவது நர்ஸின் பைக்குத் தாவும்.

முன்பு காலை உதைத்த குழந்தையை அரைப் பார்வையிலே கண்டு, "ஒன்றுமில்லை" என்று தன் வேலையைத் தொடரலாம். இப்போது ஒவ்வொரு மணிக்கும் நடந்து போய்க் கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கதவு, அறைக்கு வெளியே சின்ன ஜன்னலோடு நர்ஸின் மேஜை, வாசலுக்கு மேல் நிற விளக்கு என்றெல்லாம் கட்டடக் கலைஞர்கள் யுக்தி செய்கிறார்கள். குழந்தையின் காதிலிருந்து எடுத்த மணியை நர்ஸின் இடுப்பில் கட்டிவிட்டோம்; மணியின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. வீண் மணிகளைக் களையாமல் சுவரை மட்டும் கட்டிய இடத்தில், நர்ஸின் சோர்வு தனிமையும் சேர்ந்து வளர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமைதி போதுமா?

சத்தம் கெடுதல், ஆகவே அமைதி நல்லது. இது நியாயமாகத்தானே படுகிறது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2014-ல் வந்த இரண்டு ஆராய்ச்சிகள் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டன.

ஒன்று, மேலே சொன்ன ரோட் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. தனியறையில் இருந்த குழந்தைகள் நல்ல எடையோடும் தேறிய நரம்புகளோடும் வீடு திரும்பினார்கள். மற்றொன்று செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து வந்தது. அங்கே தனியறையில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகளை 2 வயதில் சோதித்தபோது, திறந்த கூடத்தில் வளர்ந்தவர்களைவிடப் பேச்சில் பின்தங்கியிருந்தார்கள்!

ஒரே மாதிரி அறை. எதிரெதிர்ப் பலன். இது எப்படி? ரோட் தீவு ஆராய்ச்சியாளர்களே விடையில் பாதியைச் சொல்லிவிட்டார்கள். தனியறையின் நன்மை பெரும்பாலும் தாய் எவ்வளவு நேரம் கூட இருந்தாள், எவ்வளவு தொட்டுக் கவனித்தாள் என்பதன் வழியாகவே வந்திருக்கிறது. செயின்ட் லூயிஸில் பல தாய்மார்களால் அடிக்கடி வந்து தங்க முடியவில்லை. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டிய தேசம் அது. அப்போது தனியறை என்பது என்ன? பேச்சுக் குரலே இல்லாத ஒரு கண்ணாடிக் குகை. திறந்த கூடத்தில் மணிச் சத்தத்தோடு நர்ஸுகளின் பேச்சும் சிரிப்பும் கலந்து வந்தன. மணியை வெளியே தள்ளியபோது அந்தப் பேச்சும் சேர்ந்து வெளியே போய்விட்டது.

ஸ்வீடனில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். பெற்றோர் இரவும் பகலும் குழந்தையோடு தங்கும்படி அறைகளை அமைத்தார்கள். அதற்கு ஏற்ற விடுமுறைச் சட்டங்களும் அங்கே உண்டு. ஸ்டாக்ஹோமில் நடந்து 2010-ல் வெளியான பரிசோதனையில், அப்படிப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 5 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள்.

நம் தேசத்தின் பங்கும் இதில் உண்டு. குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டி வைக்கும் 'கங்காரு' முறை, 1970-களின் கடைசியில் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் பிறந்தது. பெட்டி போதாத வறுமையில் பிறந்த யோசனை அது. குழந்தை நன்றாகத் தேறிய பிறகுதான் அப்படிக் கட்டலாம் என்பது வெகுகாலம் விதியாக இருந்தது. பிறந்தவுடனே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, கட்டினால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் 5 ஆஸ்பத்திரிகளில் சோதித்தது. 4 ஆப்பிரிக்காவில், ஒன்று புது தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. இதற்காகவே தாயின் கட்டிலைச் சிசுவின் வார்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். 3,211 குழந்தைகள். சாதாரண முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன. தாயோடு இருந்தவற்றில் 12. முடிவு 2021-ல் வெளியாயிற்று. பலன் அவ்வளவு தெளிவாக இருந்தபடியால், பரிசோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கங்காரு முறையில் இருக்கும் குழந்தைக்கும் ஒயர் உண்டு, மணியும் உண்டு. ஆனால் மூச்சு விட மறந்தால் எழுப்ப ஒரு நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தடவிக் கொடுக்க ஒரு கை தாழ்வாரத்திலிருந்து நடந்து வர வேண்டியதில்லை.

நண்பரின் தங்கை குழந்தையைச் சொல்ல மறந்துவிட்டேனே! 48 நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். எடை 2 கிலோ. பார்க்கப் போயிருந்தேன். தாயின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"குழந்தை ராத்திரியிலே அழறதோ?" என்று கேட்டேன்.

"இல்லே அண்ணா. சமர்த்தாத் தூங்கறா. எனக்குத்தான் தூக்கம் வரலே. ஆஸ்பத்திரியிலே மணி அடிச்சா பயமா இருந்தது. இங்கே அடிக்கவே மாட்டேங்கறதே, எப்படித் தெரியும்?" என்றாள்.

அவள் பேசிக்கொண்டே குழந்தையின் மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் அப்படி நாலு தடவை பார்த்தாள்.